ஒரு பூச்சு இடம்

அவரை எல்லோரும் மெக்கானிக் என்றே அழைத்தனர். பல் மருத்துவர் எடுத்துக் கொடுக்கும் அச்சைக் கொண்டு பொய்ப்பல்லும் பல்லுறையும் செய்பவருக்குச் சட்டம் வைத்திருந்த பெயர் அது. லஸ் முனைக்கு அருகே ஒரு மாடியில் இருந்த பல் மருத்துவமனையின் பலகையில், மருத்துவரின் பெயருக்கும் பட்டங்களுக்கும் கீழே, ‘டென்டல் மெக்கானிக் உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். மழையில் முதற்சொல் அழிந்து, ‘மெக்கானிக் உண்டு’ என்பது மட்டும் எஞ்சியிருந்த காலத்தில்தான் நான் அங்கே போகத் தொடங்கினேன்.

ஒருநாள் நான் காத்திருக்கையில், ஒருவர் ஸ்கூட்டரைப் படியடியில் நிறுத்திவிட்டு, கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கைக் கையில் ஏந்தி மேலே வந்தார்.

“மெக்கானிக் இல்லியா?”

“நான்தான்” என்றபடி உள்ளறையின் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். நாற்பதை நெருங்கிய வயது. நூற்புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, முழங்கைவரை பிளாஸ்டர் தூள்.

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, தமாஷ் பண்றியா?”

மெக்கானிக் பிளக்கை வாங்கிச் சன்னலருகே பிடித்துப் பார்த்தார். உள்ளே சென்று உப்புத்தாளால் அதன் முனையைத் தேய்த்தார். பிறகு ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை இரு முனைகளுக்கும் நடுவே செருகி, சற்றே நெம்பிவிட்டார்.

“ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. நடுவுல இடமே இல்லேன்னா பொறி எங்கேருந்து வரும்? போட்டுப் பாருங்க.”

கீழே ஸ்கூட்டர் இரண்டாவது உதையில் கிளம்பிய ஓசை கேட்டது. அவர் அதற்குள் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டிருந்தார். வந்தவரைப் போல நானும் வியந்தேன். ஆயினும் எனக்கு வியப்பளித்தது, பல் செய்பவருக்கு ஸ்கூட்டரும் தெரிந்திருந்தது என்பதன்று. இரண்டையும் அவர் ஒரே கேள்வியால் பார்த்தார் என்பதுதான்: நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது?

இனி, நான் அங்கே போக நேர்ந்த கதை. அவ்வாண்டு எனக்கு வேலை இல்லை. அதற்கு முன், விடுப்பில் சென்ற ஒருவருக்கு மாற்றாகக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்துவந்தேன். அவர் திரும்பியதும் நான் வெளியே வந்தேன். வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர் பணிக்குக் குரல் தேர்வு அறிவித்திருந்தார்கள். முன்பே இருமுறை சென்று தேறாமல் திரும்பியிருந்தேன். வயது வரம்பின்படி மூன்றாம் முறையே இறுதி வாய்ப்பு. அத்தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கையில், மந்தைவெளியில் நான் குடியிருந்த வீட்டு அடிபம்பின் கைப்பிடி நழுவி மேலெழுந்து, மேல்வரிசை முன்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துவிட்டது.

வலியினும் என்னை அச்சுறுத்தியது, அதன்பின் நான் சொல்லிப் பார்த்த முதற்சொல். வகரம், மேற்பல் கீழிதழைத் தொடப் பிறக்கும் ஒலி. ‘வணக்கம்’ என்றேன், பல்லிருந்த வழியே காற்றுச் சீறி வெளியேறியது. இன்னொரு முறை சொன்னேன். இன்னும் கூடுதலாகச் சீறியது. வணக்கம் சொல்ல இயலாதவனை எந்த வானொலி வேலைக்கு வைத்துக்கொள்ளும்?

மருத்துவர் மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவந்த குடும்பத்தவர். கைத்திறன் மிக்கவர், அதைவிட அவசரம் மிக்கவர். வேருக்குரிய சிகிச்சையைச் செய்து, எஞ்சிய பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறு முளையாக்கினார்.

“பம்பாய்லேர்ந்து பீங்கான் கிரவுன் வரதுக்கு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் டெம்பரரியா ஒண்ணு போட்டுடறேன். நீங்க பாட்டுக்கு ரேடியோவுல பேசிண்டிருக்கலாம்.”

என் வாயின் அச்சு திரைக்குள் சென்று, பிளாஸ்டர் மாதிரியாகத் திரும்பி வந்தது. அதன்மேல் தற்காலிக உறையைச் செய்வது வழக்கமாக மெக்கானிக்கின் வேலை. அன்று மருத்துவர் அடையாற்றில் ஒரு வரவேற்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. தூளையும் திரவத்தையும் தாமே குழைத்து, மாதிரியின் மேல் அழுத்தி, இறுகியதும் விளிம்பைச் செதுக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்கோ, மாதிரியை விட்டு வரவே மாட்டேங்கறது. அப்படி ஒட்டிண்டிருக்கு!”

நான் மகிழ்ந்தேன். ஒரு சொல்லைக்கூட உருவ முடியாதபடி இறுகக் கட்டிய வாக்கியமே நல்ல வாக்கியம் என்று நம்பியவன் நான். பல்லுக்கும் அதுவே இலக்கணமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது: “டாக்டர், கேப்புக்குள்ள கேப்பு விடலையே.”

“மூணு வாரத்துக்குத்தானேம்மா. இதுவே போறும்.”

பல்லுறையை அங்கே ‘கேப்பு’ என்பார்கள் என்பதை அதற்குள் கேட்டறிந்திருந்தேன். ஆகவே, என் பல்லுக்கு ஓர் உறைக்குள் இன்னோர் உறையாக இரண்டு போடச் சொல்கிறார் அந்த அம்மையார் என்று பொருள்கொண்டேன். ஒன்றே போதும் என்று மருத்துவர் முடித்ததில் எனக்கு ஆறுதல். இடைவெளிக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஒலியுடைய சொல் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். திரையைக் கடந்து வந்தபோது, எழுத்தைப் போலவே என் செவியும் அவ்விரண்டையும் வேறுபடுத்தவில்லை. அவர் எனக்காகச் சொன்ன ஒரே எச்சரிக்கையை நான் அவ்வாறு இழந்தேன்.

உறை, சிமெண்டு வைத்து ஒட்டப்பட்டது. அன்றிரவே வாயை மூடும்போது வேறெந்தப் பல்லும் சேர்வதற்கு முன் அது மட்டும் கீழ்ப்பல்லில் இடித்தது. மறுநாள் சென்றேன்; மருத்துவர் நுனியைச் சிறிது தேய்த்துவிட்டார். மீண்டும் இடித்தது. மீண்டும் தேய்த்தார். மூன்றாம் முறை சென்றபோது அவர் வேறொருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். திரையோரம் இருந்த முக்காலியில் அமர்ந்தேன். திரை பாதி விலகியிருந்தது. உள்ளே மெக்கானிக் ஒரு பிளாஸ்டர் பல்லைத் தீக்குச்சியின் முனையில் ஒட்டி நிறுத்தி, அதற்குச் செக்கச்செவேலென்று நகப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார்.

அந்தச் சீசாவை நான் முன்பே அறிவேன். தெற்கு மாடவீதியில் ஒரு வளையற்கடையில் நான் பேனா மை வாங்க நின்றபோது, கடைக்காரர் அவரிடம், “ரோஸ் ஷேடு புதுசா வந்திருக்கு சிஸ்டர், உங்க கைக்கு எடுப்பா இருக்கும்” என்றதும், அவர் “செவப்பே குடுங்க, அதுதான் பூசின எடம் பளிச்சுனு தெரியும்” என்றதும் என் காதில் விழுந்திருந்தன. அவருடைய விரல்களையோ ஒட்ட வெட்டிய, சாயமறியாத நகங்களோடுதான் எப்போதும் கண்டிருக்கிறேன்.

“ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனா, சாந்தோம் பொம்பளைங்க பூராவும் என் வெரலத்தான் பாக்குறாங்க சார்” என்றார், தலை நிமிராமல். “மாசம் ஒரு பாட்டில் வாங்குறா, எங்கதான் பூசிக்கிறான்னு அவங்களுக்குத் தூக்கமே இல்ல. போன வாரம் செருப்பக் கழட்டும்போது ஒருத்தங்க குனிஞ்சே பாத்துட்டாங்க.”

“சொல்லிவிடலாமே?”

“என்னன்னு? பல்லுக்குப் பூசுறேன்னா? அதுக்குச் சும்மாவே இருக்கலாம்.”

நான் நெடுநேரம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். “ஒரு கேப்பே இப்படி இடிக்குதே, அதுக்குள்ள இன்னொரு கேப்பும் போடணும்னு ஏம்மா சொன்னீங்க?”

அவர் தூரிகையைச் சீசாவில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னது என்ன, நான் கேட்டது என்ன என்று விளங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு, பக்கத்து அறையில் மருத்துவர் “என்ன அங்க?” என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தார்.

“ரெண்டு கேப்பா! ஐயோ சார், நான் எடம் விடலையேன்னு சொன்னேன்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் உடன்பாடு. உள்ளிருப்பது ‘இடம்’, வெளியே மூடுவது ‘உறை’. முதலில் நான் மருத்துவர் சொன்ன ‘கிரவுன்’ என்பதை ‘மகுடம்’ என்று சொல்லிப் பார்த்தேன். “தலைக்கா, பல்லுக்கா?” என்று கேட்டு அவர் அதைத் தள்ளிவிட்டார். உறை என்பதை மட்டும் உடனே பற்றிக்கொண்டார்.

“சரியாச் சொன்னீங்க. தலகாணி என்ன அளவோ அதே அளவுக்கு உறை தெச்சுப் பாருங்க. தலகாணி உள்ள போகும். ஆனா மூலைவரைக்கும் போகாது. வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். இங்க நடுவுல சிமெண்டு வேற இருக்கு. அது எங்க போய் உக்காரும்?”

தீக்குச்சியைத் திருப்பிக் காட்டினார். ஒரு கை பூசி, உலரவிட்டு, மேலே இன்னொரு கை பூசியிருந்தார். அடியில், பல்லும் ஈறும் சேரும் கழுத்தை மட்டும், மயிரிழை அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தார். இதன்மேல் செய்யும் உறை, பூச்சின் கனத்துக்கு உட்புறம் தளர்ந்திருக்கும். கழுத்தில் மட்டும் பற்றும்.

“கழுத்துல பிடிக்கணும், உள்ள விட்டுக்குடுக்கணும். கழுத்துலயும் பூசிட்டா எச்சி உள்ள போயி சிமெண்டைக் கரைச்சிடும். பூசவே இல்லேன்னா சிமெண்டு வெளிய வர வழியில்லாம உறையத் தூக்கி நிறுத்திடும். அப்பவும் கழுத்து தெறந்துக்கும். அப்பவும் எச்சி போகும்.”

“மனிதர்க்கும் பொருந்தும் போலிருக்கே” என்றேன். அப்படிச் சொல்லத் தோன்றுவது ஒரு நோய். எனக்கு அது அந்நாளில் முற்றியிருந்தது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் பல்லப் பத்திச் சொன்னேன்.”

அவர் கூற்றை மெய்ப்பிக்கவென்றே வந்ததுபோல் நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்மணி ஒருவர் படியேறி வந்தார். வாயிலிருந்து கீழ்வரிசைப் பொய்ப்பற்கள் முழுவதையும் கழற்றி முந்தானையில் துடைத்துத் திரைக்குள் நீட்டினார்.

“இன்னா மெக்கானிக்கம்மா, பல்லு ஷோக்காத்தான் கீது. ஆனா வஞ்சரம்னு கூவுனா அது முன்னால போவுது, நான் பின்னால நிக்கிறேன். மீன் வாங்க வந்தவ பல்ல எடுத்துக் குடுத்துட்டுப் போறா! நீ எடம் எடம்னு சொல்லுவியே, இதுலயும் எடம் வுட்டியா?”

“ஐயோ, செட்டுக்கு எடமே விடக் கூடாது. ஈறோட அட்டை மாதிரி ஒட்டணும். கூவும்போது வந்தா அது என் தப்பு. வெச்சிட்டுப் போ, சாயங்காலம் வா.”

“சாயங்காலம்வரிக்கும் பொக்க வாயோட கூவட்டுமா?”

“கூவு. எல்லாரும் பாவம் பாத்து வாங்குவாங்க.”

மீன்காரப் பெண்மணி போனதும் மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா சார்? ஒண்ணுக்கு விடணும், ஒண்ணுக்கு விடக் கூடாது” என்றார். நான் திரட்டி வைத்திருந்த தத்துவம் அந்தப் பற்களோடு மேசைமேல் கிடந்தது.

தேர்வு நாள் வந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அழைத்திருந்தார்கள். காலையில் வாய் கொப்பளித்துத் துப்பினேன். ஏதோ ஒன்று தொட்டிக்குள் ‘டிக்’ என்று ஒலித்து, நீரோடு சுழன்று, துளைக்குள் இறங்கிவிட்டது. கண்ணாடியைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ‘வணக்கம்’ என்றேன். காற்றுச் சீறியது.

மருத்துவமனைக்கு நான் சென்று சேர்ந்தபோது மணி பத்து. மருத்துவரின் நாற்காலி உறைபோட்டு மூடியிருந்தது. ஒரு திருமணத்துக்காகக் கும்பகோணம் சென்றிருந்தார்; திரும்ப மறுநாளாகும். மெக்கானிக் மட்டும் இருந்தார். நான் வாயைப் பொத்திய கையை எடுத்ததும் ஒரு சொல்லும் கேளாமல் மேசையிழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தீப்பெட்டிகள். ஒன்றை எடுத்துத் தள்ளித் திறந்தார். பஞ்சின்மேல் ஓர் உறை இருந்தது.

“இது எப்ப செஞ்சீங்க?”

“தலகாணிக் கதை கேட்டீங்களே, அன்னிக்குக் கையில இருந்தது உங்க பல்லுதான்.”

“அப்ப, அது விழுந்துவிடும்னு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே?”

“டாக்டர்கிட்ட ஒருவாட்டி சொன்னேன் சார். அதுக்கு மேல அவர் செஞ்ச வேலைய பேஷண்ட்கிட்ட நான் குறை சொல்லக் கூடாது.”

எனக்குச் சினம் எழுந்தது. விழப்போகும் பல்லோடு நான் ஊரெங்கும் நடந்துகொண்டிருந்ததை அறிந்துகொண்டே, மாற்று உறையைத் தீப்பெட்டியில் இட்டு வைத்துக் காத்திருந்திருக்கிறார். அந்த மௌனம் பண்பா, பிழையா என்பதை என்னால் இன்றுவரை துணிய இயலவில்லை. அப்போது துணிய நேரமுமில்லை.

“சரி, போட்டுவிடுங்க.”

“மாட்டேன்” என்றார். “வாய்க்குள்ள கைவைக்க எனக்கு உரிமை இல்ல சார். தெரிஞ்சா டாக்டர் பேரும் கெடும், என் வேலையும் போயிடும்.”

“இது இல்லாட்டி என் வேலை போயிடும்மா. இதுதான் கடைசித் தடவை.”

அவர் சுவரில் மாட்டியிருந்த முகக்கண்ணாடியையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மேசைமேல் சாய்த்துவைத்தார்.

“உங்க வாய்க்குள்ள நீங்க கைவைக்கலாமில்ல?”

கண்ணாடித் தகட்டின்மேல் வெண்தூளைக் கிராம்புத் தைலத்தோடு குழைத்தார். நான் பஞ்சால் முளையை ஒற்றி உலர்த்தினேன். உறையில் சிமெண்டை நிரப்பப்போனேன்.

“ரொப்பாதீங்க! செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, சுத்திலும் மெல்லிசா. ம், போதும். இப்ப வைங்க. குத்தாதீங்க, ஒரே அழுத்தா அழுத்துங்க. வெளிய வருதா?”

விளிம்பைச் சுற்றி வெண்மை பிதுங்கியது. கூடவே, அதுவரை இராத ஒன்று நிகழ்ந்தது. உறை என் விரலின்கீழ் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் நின்றது. அழுத்தியதனால் நின்றதன்று, சேரவேண்டிய இடம் சேர்ந்ததனால் நின்றது.

“வருது.”

“அப்ப எறங்கிடுச்சு. கையெடுக்காதீங்க, அஞ்சு நிமிஷம்.”

சிமெண்டு இறுகியதும் நூலால் வழித்தேன். வாயை மூடினேன். எல்லாப் பற்களும் ஒருங்கே சேர்ந்தன. பத்து நாட்களாக மறந்திருந்த அச்சிறு நிம்மதியில் என் கண்கள் கலங்கின. திரும்பினால், அவர் கைவிளக்கைப் பிடித்த கையை நன்றாகத் தள்ளி நீட்டி, மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, என் வாயையே உற்று நோக்கிக் குனிந்திருந்தார்.

“கொஞ்சம் தெறங்க. இன்னும். பதினாறு வருஷமாச் செய்யறேன் சார். ஒண்ணுகூட வாய்க்குள்ள போய் உக்காந்ததப் பாத்ததில்ல.”

நான் திறந்தபடி இருந்தேன்.

“வணக்கம் சொல்லுங்க.”

“வணக்கம்.”

“இன்னொருவாட்டி.”

சொன்னேன். வகரம் வகரமாகவே பிறந்தது. மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். அது என் தேர்வுக்காக அன்று என்பது அவருடைய கண்களில் தெரிந்தது.

நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து அழைத்தார். “சார், பம்பாய் உறை வந்தா இதக் கழட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. போட விடாதீங்க. எனக்குக் கொண்டாந்து குடுங்க.”

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு சிற்றறையில், ஒலிவாங்கியின் முன் அமர்த்தி, ஒரு தாளைக் கொடுத்தார்கள். வேளாண்மை, வெள்ளம், வட்டாட்சியர், வழிகாட்டுதல் என்று வகரம் மலிந்த ஒரு செய்தி. ஒரு மூச்சும் சிந்தாமல் படித்து முடித்தேன். இரண்டு வாரத்தில் பணியாணை வந்தது.

பீங்கான் உறையும் வந்தது. மருத்துவர் இடுக்கியால் பற்றி ஒருமுறை அசைத்ததும் தற்காலிக உறை தடையின்றிக் கழன்றது. விளக்கொளியில் அதைத் திருப்பிப் பார்த்து, “பேஷ், நன்னாத் தாங்கித்தே! நான்தான் சொன்னேனே, இதுவே போறும்னு” என்றார். அது அவருடைய கைவேலை அன்று என்று சொல்ல என் நா எழுந்தது. திரை அசைந்தது; நான் சொல்லவில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மருத்துவர் கைகழுவப் போனதும் திரையை விலக்கி, மெக்கானிக்கிடம் அதை நீட்டினேன். “வேலை கிடைச்சிடுச்சும்மா. திங்கட்கிழமை சேரணும்” என்றேன்.

“இருங்க சார்” என்றார். உறையைப் பிடிகருவியில் பொருத்தி, நூலினும் மெல்லிய அரத்தால் நடுவே அறுத்தார். இரு பாதிகளையும் சன்னலுக்கு நேரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை அருகில் கொண்டுசென்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஒரு பாதியின் உட்சுவரில் சிமெண்டு வெங்காயத் தோல்போல மெலிந்து, சீராகப் படிந்திருந்தது. மற்றப் பாதியில், நாவைப் பார்த்த பக்கத்தில், பெரும்பகுதி வெறுமையாக இருந்தது.

“பாத்தீங்களா? இந்தப் பக்கம் பூச்சு பத்தல. சிமெண்டு உள்ள போகவே எடமில்ல. ஒரு பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு.” அவருடைய குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. “இன்னும் ஒரு கை பூசியிருக்கணும், சார். பதினாறு வருஷத்துல இப்பத்தான் தெரியுது. நீங்க அந்த மைக்கு முன்னால உக்காந்து மொத வணக்கம் சொன்னீங்களே, அப்பவே இது விழுந்திருக்கலாம்!”

அவ்வளவு மகிழ்ச்சியோடு அவர் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.